வாடையில்லாத மூட்டை

பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஞானப்பூவின் வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். கருவாட்டு வாடை எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் அவள் புருஷன் சுவாமிதாஸின் கடை வந்துவிடும். கடையை ஒட்டிப் பின்னால் வீடு. சாளை, நெத்திலி, வாளை, சுறாத்துண்டு என்று தூத்துக்குடி லாரியில் வந்து இறங்கும் ஓலைப்பெட்டிகளுக்கு நடுவில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், ஜெபம் பண்ணினார்கள். வேம்பார்ப் பக்கம் கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்த வாடை ஒரு பொருட்டே இல்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் பின்னால் பட்ட பாடெல்லாம் இதனால்தான்.

சுவாமிதாஸின் அப்பா விட்டுப்போன கரிசல் புஞ்சை ஒன்று திருச்சுழி ரோட்டோரம் சும்மா கிடந்தது. கம்பு விதைத்தால், மழைக்கு மனசிருந்தால் விளையும். சுவாமிதாஸுக்கு மண்ணில் நாட்டமே கிடையாது. "லாரி வந்தா சரக்கு வருது, சரக்கு வந்தா சோறு வருது. மழைய எவன் நம்புறது" என்பார். ஞானப்பூவுக்கோ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தரிசாகக் கிடக்கும் புஞ்சையைப் பார்த்துக் கை பரபரக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில், விருதுநகரில் மூலிகை மண்டி வைத்திருந்த சங்கரலிங்கம் என்ற வியாபாரி ஊர் ஊராக வந்து நிலாவரை விதை கொடுத்துக்கொண்டிருந்தார். நிலாவரை பேதிக்குக் கொடுக்கிற மூலிகை. முழங்காலுக்குச் சற்று மேலே வளரும், மஞ்சளாகப் பூக்கும். அதன் இலையைப் பறித்து நிழலில் காயவைத்தால் தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போகும். சீமைக்காரனுக்கும் வயிறு நம்மைப் போலத்தான் மக்கர் பண்ணும் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தண்ணீர் அதிகம் கேட்காத செடி. ஆடு, மாடு வாய் வைக்காது. ஞானப்பூ முந்தானையை விரித்து விதையை வாங்கிக்கொண்டாள்.

உரத்துக்கு அவள் யோசிக்கவே இல்லை. பிறந்த ஊரில் முருங்கைக்கும் தென்னைக்கும் மீன் கழிவைத்தான் புதைப்பார்கள். அந்த முருங்கைக்காய் ருசியை அவள் மறக்கவில்லை. இங்கே கடையில் தினமும் கூட்டித் தள்ளுகிற கருவாட்டுத் தூளும் தலையும் வாலும் வீணாகத் தெருவுக்குத்தானே போகிறது. நரிக்குடிப் பக்கத்தில் ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரி கோட்டைச்சாமியை அழைத்துக் கோடையில் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டாள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண் ஊறியது. அதன் மேல் கருவாட்டுத் தூளைத் தாராளமாக இறைத்து உழுது, ஐப்பசி மழைக்கு விதைத்தாள்.

முளைத்ததெல்லாம் ஓரம் கருகிச் செத்தது. கருவாட்டில் இருப்பது பாதி மீன், பாதி உப்பு என்பது கருவாட்டுக் கடைக்காரிக்கே மறந்துபோயிருந்தது. ஆட்டுக்கிடை மட்டும் விழுந்த ஒரு மூலையில் செடி பிழைத்தது. அந்த மூலையில் விளைந்த விதையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சீமைக்குப் போற மருந்துக்குக் கருவாடு ஊட்டுன மொத ஆளு நீதான்" என்றார் சுவாமிதாஸ்.

"கருவாட்டுமேல தப்பு இல்ல. உப்புமேலதான். உப்பக் கழுவுனாப் போச்சு" என்றாள்.

கழுவினாள். தலையையும் வாலையும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த உப்புத் தண்ணீரைக் கொல்லையில் இருந்த தென்னைக்கு ஊற்றினாள். தென்னை உப்பைக் கண்டு பயப்படுகிற மரமில்லை. கழுவின சக்கையைக் கருப்பட்டியோடு பிசைந்து மண்தாழியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, புஞ்சையில் வேப்பமரத்தடியில் வைத்தாள். முதலில் அழுகல் நாற்றமாக இருந்தது, நாளாக ஆகக் கள்ளு மாதிரிப் புளித்து அடங்கியது. அடங்கிய பிறகு ஒரு சிரட்டைக்கு ஒரு குடம் தண்ணீர் கலந்து செடியின் தூரில் ஊற்றினாள். வேப்பங்குழையை முக்கி இலை மேலும் தெளித்தாள். வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கி மண்ணில் கொத்திவிட்டாள். பூவெடுக்க ஆரம்பித்ததும் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் செடியின் சத்தெல்லாம் இலைக்குத் திரும்பும் என்று சங்கரலிங்கம் சொல்லியிருந்தார். அதையும் மனசில்லாமல் கிள்ளினாள்.

அந்த வருஷம் அவள் புஞ்சையைப் பார்க்க ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். சுற்றிலும் கரிசல் வெடித்துக் கிடக்க, அவள் நிலாவரை மட்டும் தளதளவென்று நின்றது. இலை ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளம். ஞானப்பூ வரப்பில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தான் பிறந்ததே இதற்காகத்தான் என்பதுபோல ஒரு பெருமை அவளுக்கு வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

பறித்த இலையைக் கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையில் பரப்பி நிழலில் காயவைத்தாள். முதல் பறிப்பில் ஒரு மூட்டையை ஆண்டவருக்கென்று ஒதுக்கினாள். மாசி மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது.

அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஊரே பார்க்க வரும். விளைந்ததில் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணி, கம்பங்கதிர், பருத்தி, தேங்காய், கால் கட்டிய சேவல் எல்லாம் வரிசையாக இருக்கும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ஒருவர் படைத்ததை இன்னொருவர் கேட்டு எடுக்க வேண்டும். தன் முதற்பலனைச் சபையார் போட்டிபோட்டு எடுத்தார்கள் என்பதில்தான் ஒரு குடும்பத்தின் கௌரவம் அந்த வருஷம் முழுக்க நிற்கும். கேட்க ஆளில்லாமல் போனால் படைத்தவரே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வழக்கமும் இருந்தது. அப்படி யாருக்கும் நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஏலம் விடுகிறவர் யாக்கோபு. அருப்புக்கோட்டைப் பருத்திக் கமிஷன் கடையில் தராசு பிடிக்கிறவர். எடை போடும்போது ஒன்று என்பதற்குப் பதிலாக "லாபம்" என்று அவர் தொடங்கினால் அடுத்த தெருவில் கேட்கும். வாயில் கேலி இல்லாமல் ஒரு சேவலைக்கூட ஏலம் விடமாட்டார். சபையார் பாதிப் பேர் அந்தக் கேலிக்காகவே வெயிலில் நிற்பார்கள்.

ஞானப்பூவின் மூட்டை வந்தது. யாக்கோபு வாயை அவிழ்த்தார், குனிந்தார், முகத்தைச் சுளித்து நிமிர்ந்தார்.

"சபையாரே, எனக்கு ஒரு சந்தேகம். இதக் குடிச்சா வயிறு எறங்குமா, இல்ல கத்திரிக்காயப் போட்டுக் கொழம்பு வைக்கணுமா?"

சிரிப்பு வாசல் தாண்டித் தெருவுக்குப் போனது. ஆண்கள் பக்கமும் சிரித்தது, பெண்கள் பக்கமும் சிரித்தது, போதகர் ஐயா கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். யாக்கோபு மணியை ஆட்டி மூன்று தரம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஞானப்பூ எழுந்து வந்து, காணிக்கைத் தட்டில் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, தன் மூட்டையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டாள். தெரு நெடுகச் சிரிப்பு கூடவே வந்தது. அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன. வீட்டுக்குப் போகவில்லை, நேரே புஞ்சைக்குப் போனாள். பொழுது சாயும்போதுதான் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் சங்கரலிங்கத்தின் ஆட்களும் மிச்ச மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே அவரும் வந்திருந்தார்.

"இலை என்னவோ ராசா இலைதாம்மா. ஆனா கருவாட்டு வாடை. மருந்துச் சரக்குல வேற வாடை வந்தா ஒரு பயலும் தொடமாட்டான். பேசாம கருவாட்ட விட்டுட்டு மூட்ட உரத்தப் போடு" என்றார்.

"வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

அப்படிச் சொன்ன வாயை அவள் மூடவில்லை. அதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது. ஒரு பிடி இலையை அள்ளி முகர்ந்தாள். இலை வாடைதான் வந்தது. சுவாமிதாஸிடம் நீட்டினாள், அவருக்கும் இலை வாடைதான் வந்தது. கருவாட்டுக்குள்ளேயே குடியிருக்கிற மூக்குகளுக்குக் கருவாடு எப்படித் தெரியும். செடியைப் பார்க்கக் கண் இருந்தது, தொட்டுப் பார்க்கக் கை இருந்தது, ஆனால் இந்த வெள்ளாமைக்கு வேண்டிய மூக்கு அந்த வீட்டில் யாரிடமும் இல்லை.

மூக்குக்கு அவள் போனது கோகிலாம்பாளிடம். ஊரில் வேறு யாரும் போயிருக்கமாட்டார்கள். கோகிலாம்பாள் பின் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த சைவக் குடும்பத்து அம்மாள். ஞானப்பூவின் கொல்லையைப் பார்த்த தன் வீட்டு ஜன்னலை, கருவாட்டுக் கடை வந்த நாளிலிருந்து திறந்ததில்லை. எதிரில் பார்த்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போகிறவள். ஞானப்பூ குளித்து, தலைக்குச் சீயக்காய் தேய்த்து, அவள் வீட்டுப் படியின் கீழே நின்றாள்.

"அக்கா, ஒங்க மூக்கக் கொஞ்சம் கடன் குடுக்கணும்."

கோகிலாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்னத்துக்கு?"

அடுத்த பறிப்பு இலையை அவள் மூன்று விதமாகப் பிரித்து வளர்த்துக் காயவைத்திருந்தாள். ஞானப்பூ துணி முடிப்புகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் சரக்கு அறையில் காய்ந்த இலை. ஒன்றில் கடைசிவரை மீன் கரைசல் தெளித்து, புஞ்சையிலேயே காயவைத்த இலை. இன்னொன்றில் தூரில் மட்டும் கரைசல் ஊற்றி, மேலே தெளிக்காமல் புஞ்சையில் காய்ந்த இலை. எது எது என்று சொல்லவில்லை.

முதல் முடிப்பைப் பிரிக்கும் முன்பே கோகிலாம்பாள் எழுந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். "அதக் கொண்டுபோயி அங்கிட்டு வையி. கொடலப் பிடுங்குது." இரண்டாவதை முகர்ந்து, "லேசா இருக்கு. மழத்தண்ணி பட்டாப் போயிரும்" என்றாள். மூன்றாவதை முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள். "இது வெறும் இலைதான். இதுல ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கக்கா. இதோட வேருக்கும் மீனுதான் ஊத்துனேன்."

"வேருக்கு எத ஊத்துனா என்ன. மண்ணு தின்னுட்டு மண்ணாத்தானே குடுக்குது" என்றாள் கோகிலாம்பாள்.

ஞானப்பூவுக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது. தன் உரம் தோற்கவில்லை. தோற்றது சரக்கு அறையும், தெளித்த நேரமும்தான்.

அதற்குப் பிறகு அவள் வைத்த சட்டதிட்டங்கள் சுவாமிதாஸுக்கே வேடிக்கையாக இருந்தன. மீன் கரைசல் தூருக்கு மட்டும், அதுவும் செடி இளசாக இருக்கும்வரை மட்டும். பூ கிள்ளிய பிறகு இலைக்குத் தெளிக்க, தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சேர்த்து ஊறவைத்த கரைசல். மோர் கோகிலாம்பாள் வீட்டு மோர். பறிப்பு நெருங்கும்போது எதையும் தெளிப்பதில்லை. நல்ல பனியும் வெயிலும் இலையைக் கழுவிவிட வேண்டும். புஞ்சையிலேயே பனையோலைக் கொட்டகை போட்டு அங்கேதான் காயவைப்பது. கடைச் சாக்கு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரக்கூடாது. பறிப்பு நாட்களில் அவள் கடைக்குள் கால் வைப்பதில்லை. சுவாமிதாஸ் சாப்பாடு கொண்டுவந்தால் வரப்பிலேயே நிற்க வேண்டும்.

"கட்டுன புருஷன வரப்புல நிறுத்துறா, பேதி இலைக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்ல" என்று அவர் லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

சங்கரலிங்கம் ஒவ்வொரு ஊரிலும் வாங்குகிற இலையை மண்டியில் ஒரே குவியலாகத் தட்டிக் கலந்துவிடுவார். அதுதான் வியாபார முறை. மறு வருஷம் ஞானப்பூவின் மூட்டையை அவிழ்த்தவர், இலையைக் கையில் வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பழுப்பு இல்லை, கருப்பு இல்லை, வெளிறல் இல்லை. காய்ந்த பிறகும் பச்சை பச்சையாகவே இருந்தது. யூரியா மூட்டை புதிதாக வந்த காலம் அது. அதைக் கண்டபடி போட்டவர்கள் இலை பெரிதாகத்தான் இருந்தது, ஆனால் நீர் கோத்துக்கொண்டு காயும்போது கறுத்தது. "இத அந்தக் குவியல்ல தட்டாத. ஓரமாத் தனியா வையி" என்று ஆட்களிடம் சொன்னார். அந்த வருஷத்திலிருந்து அவள் இலைக்கு மண்டியில் தனி மூலை.

இவ்வளவு நடந்தும் அறுப்பின் பண்டிகைக்கு ஞானப்பூ இலை கொண்டுபோகவில்லை. தென்னையில் விழுந்த தேங்காயைக் கொண்டுபோனாள், சேவல் கொண்டுபோனாள். ஏலம் நன்றாகத்தான் போனது. ஆனாலும் படைத்துவிட்டு உட்காரும்போதெல்லாம் அவளுக்கு உறுத்தும். தன் புஞ்சையின் முதற்பலன் தேங்காய் இல்லையே. உழைத்தது ஒன்றுக்கு, படைப்பது இன்னொன்றா.

இதற்கிடையில் இன்னொரு காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் யாக்கோபின் மனைவி ராஜாத்தி கொல்லைப்பக்கமாக வந்தாள்.

"ஏ புள்ள, அந்த இலை ஒரு பிடி குடு. வீட்ல அவுகளுக்கு வெளிக்கிப் போயி நாளாச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கிறாக, வெக்கமாம்."

"ஒரு சிட்டிகைக்கு மேல போடாதீக மதினி. சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டு, கருப்பட்டி சேத்துக் குடுங்க" என்று ஞானப்பூ பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"யாருட்டயும் சொல்லிராத."

"எனக்கென்ன மதினி வேற சோலியே இல்லையா."

ராஜாத்திக்குப் பிறகு வேறு ஆட்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் வந்து, மாட்டுக்கு வயிறு உப்புசம் என்றார். அவர் வீட்டில் மாடே கிடையாது. சபைப் பொருளாளர் தன் மாமியாருக்கு என்றார், மாமியார் தனக்கு என்று தனியாக வந்து வாங்கிப் போனாள். உபதேசியார் சாயங்கால ஜெபத்துக்கு வந்தவர் போல வந்து, ஜெபம் முடிந்து பைபிளுக்குள் பொட்டலத்தை வைத்துக்கொண்டு போனார். நாளடைவில் பாளையம்பட்டிச் சபையின் வயிறு முழுக்க ஞானப்பூவுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அவள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அவளிடம் இருந்த அந்த அடக்கத்துக்காகவே கொல்லைக் கதவு ஓயாமல் திறந்து மூடியது.

எழுபத்தொன்றாம் வருஷம் மழை ஒழுங்காகப் பெய்தது. முதல் பறிப்பு காய்ந்து வந்தபோது ஞானப்பூ ஒரு புதுச் சாக்கை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். சுவாமிதாஸ் பார்த்தார்.

"எதுக்கு இது?"

"பண்டிகைக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் ஞானம். அன்னைக்கு நீ தலையில வச்சிட்டுப் போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்கிது. இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா கொண்டுபோகாம இருக்கிறது அதவிடக் கஷ்டமா இருக்குங்க" என்றாள்.

விஷயம் சங்கரலிங்கம் காதுக்குப் போய், இலை எடுக்க வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கவலப்படாதம்மா, நானே வந்து நிக்கிறேன். எவன் கேக்காட்டியும் நான் கேக்கிறேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க கேட்டா அது வியாபாரம். அது மண்டியில நடக்குது. அன்னைக்கு ஒதுக்குனது சபைதான், அவுகதான் கேக்கணும். இல்லாட்டி நானே தூக்கிட்டுப் போயிக்கிறேன்."

சங்கரலிங்கம் தலையை ஆட்டிவிட்டு மூட்டைகளை எண்ணப் போனார்.

பண்டிகையன்று வெயில் நன்றாக இருந்தது. சேவல் போனது, பூசணி போனது, பருத்தி போனது. யாக்கோபுக்கு வயதாகி இருந்தாலும் குரல் அப்படியேதான் இருந்தது. ஞானப்பூவின் மூட்டை வந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பழையது எல்லோருக்கும் நினைவிருந்தது. யாக்கோபு என்ன சொல்லப் போகிறார் என்று சிலர் சிரிக்கவே தயாராக நின்றார்கள். சுவாமிதாஸ் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

யாக்கோபு மூட்டையை அவிழ்த்தார். குனிந்து நிதானமாக முகர்ந்தார். நிமிர்ந்தவர் ஒரு கேலியும் சொல்லாமல், "நிலாவரை, ஒரு மூட்டை" என்று மட்டும் சொல்லி மணியை ஆட்டினார்.

யாரும் வாய் திறக்கவில்லை.

ஞானப்பூ பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வாத்தியார் மேகத்தைப் பார்த்தார். பொருளாளர் செருப்பைப் பார்த்தார். அவர் மாமியார் வெற்றிலை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இலை பிடிக்காமல் இல்லை. இந்த மூட்டையைக் கேட்கிறவர், தன் வயிற்றுக் கதையை ஊரறியச் சொன்னதாக ஆகிவிடும். அவள் காத்த ரகசியமே இப்போது அவள் மூட்டைக்குக் குறுக்கே நின்றது. ஒரே ஒரு பேரைச் சொன்னால் போதும், அந்த ஆள் கேட்டுத்தான் ஆகவேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். நம்பி வந்தவர்களை விற்றுத் தன் மூட்டையை விற்கிறவள் இல்லை அவள்.

"ஒரு தரம்" என்றார் யாக்கோபு.

ஞானப்பூ முந்தானையை இடுப்பில் செருகினாள். தூக்க வேண்டுமே.

"ரெண்டு தரம்."

மூன்றாவது தரம் வரவில்லை. யாக்கோபு மணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, அதை உபதேசியார் கையில் கொடுத்தார்.

"ஐயா, இதக் கொஞ்சம் பிடிங்க. ஏலம் விடுறவன் ஏலம் கேக்கக் கூடாது. நான் இப்பக் கேக்கப் போறேன்."

யாக்கோபு தராசுக் குரலிலேயே பேசினார். "முந்தி ஒரு வருசம் இதே எடத்துல நின்னு இந்தத் தங்கச்சியப் பாத்துச் சபையச் சிரிக்க வச்சேன். இப்ப சொல்றேன், கேட்டுக்கிருங்க. நாலு வருசமா என் வயித்த நடத்துறது இவ இலைதான். என் வீட்டுக்காரி இவ கொல்லப்பக்கம் போயி வாங்கியாரா. வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அவளும் ஒரு வார்த்த யாருட்டயும் சொல்லல. இந்த மூட்ட எனக்கு வேணும்." தொகையையும் சொன்னார், பெரிய தொகையாகவே சொன்னார்.

சிரிப்பு வந்தது. ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை. கட்டியிருந்த கயிறு அவிழ்ந்த மாதிரிச் சிரிப்பு. வாத்தியார் கையைத் தூக்கினார். "நானும் கேக்கிறேன். எங்க வீட்ல மாடு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும்." பொருளாளர் ஏற்றினார். அவர் மாமியார் மருமகனுக்கு மேலே ஏற்றினாள். ராஜாத்தி தன் புருஷனுக்கு மேலேயே ஒரு தொகை சொல்ல, "ஏ, ஒரே வீட்டுக் காசுடி" என்று யாக்கோபு அலறினார். மணியைப் பிடித்திருந்த உபதேசியார் ஒரு கட்டத்தில் மணியைப் போதகர் ஐயாவிடம் நீட்டிவிட்டுத் தானும் கேட்டார். இந்த வாசலில் ஒரு மூட்டைக்கு இத்தனை பேர் போட்டி போட்டதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

ஞானப்பூ செருகின முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து சுவாமிதாஸ் எப்போது முன்வரிசைக்கு வந்தார் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார்.

கடைசியில் யாக்கோபுக்கே விழுந்தது. எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வாசலிலேயே மூட்டையைத் திறந்து வைத்து, "வாங்க, வெக்கப்படாம வாங்க" என்று துண்டிலும் முந்தானையிலும் பிடி பிடியாக அள்ளிப் போட்டார். கூட்டம் குறைந்ததும் ஞானப்பூவைப் பார்த்துக் குரலை இறக்கினார்.

"தங்கச்சி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஒரு மூட்டையத் தூக்கிட்டுப் போனியே. அத என்ன செஞ்ச?"

"ஆண்டவருக்குக் குடுத்தத வீசி எறிய மனசு வருமாண்ணாச்சி. நேரா புஞ்சைக்குக் கொண்டுபோயி உரக்குழியில போட்டேன். மக்குனதும் அள்ளி எறச்சு உழுதேன். அதத் தின்ன மண்ணுலதான் இது வெளஞ்சது."

யாக்கோபு தன் கையில் மிச்சமிருந்த இலையைப் பார்த்தார். அதை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஞானப்பூ வெறும் சாக்கை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு மூட்டையோடு போன அதே தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.